எரியாத ஃபியூஸ்

எரிவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் ஒன்று நம் வீட்டில் இருக்கிறது. அதை எரியவிடாமல் பார்த்துக்கொள்வதில் நமக்குள்ள சாமர்த்தியம் வேறெதிலும் கிடையாது. ஃபியூஸ் கம்பியைத்தான் சொல்கிறேன். அளவு மீறிக் கரண்ட் ஓடினால் முதலில் தான் உருகி, லைனை அறுத்து, சுவருக்குள் இருக்கும் ஒயரையும் சுவருக்கு இந்தப் பக்கம் தூங்கும் ஆட்களையும் காப்பாற்றுவது அதன் வேலை. மே மாத ராத்திரி ஒன்றில் அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்துவிட்டால் தீர்ந்தது. "சனியன், மறுபடியும் போயிடுச்சா?" என்று மொத்த வீடும் அதன்மேல் பாயும்.

நேர்மையான அதிகாரிக்கு இந்த நாட்டில் என்ன நடக்குமோ அதுவே ஃபியூஸுக்கும் நடக்கிறது. முதலில் திட்டு, அப்புறம் மிரட்டல், கடைசியில் இடமாற்றம். காலியான நாற்காலியில், எது நடந்தாலும் கண்ணைத் திறக்காத ஒருவர் வந்து உட்காருவார். அதன்பிறகு எல்லோருக்கும் நிம்மதி.

சென்னையில் வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டிய மூன்று மாடி வீடுகளில் இந்த இடமாற்ற உத்தரவு கையெழுத்தாவதைப் பார்க்கலாம். மாடிப்படிக்கு அடியில், காய்ந்துபோன பெயிண்ட் டப்பாக்களுக்கும் ஓனரின் ஓடாத ஸ்கூட்டருக்கும் நடுவே மெயின் போர்டு. மரப்பலகைதான். அதில் ஃபியூஸ் கம்பி சுற்றிய பீங்கான் கிட்கேட்கள் வரிசையாக இருக்கும். ஒன்றின் வாய் கருகியிருக்கும். எலக்ட்ரீஷியன் அதைப் பிடுங்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்வார்.

"லோடு தாங்கல சார். மூணு போர்ஷன்லயும் ஏசி போட்டுட்டாங்க. மெயின்லேர்ந்து ஒயரை மாத்தணும். இது உங்கப்பா காலத்து ஒயரு."

"மாத்தினா எவ்ளோப்பா ஆகும்?"

தொகையைக் கேட்டதும் ஓனருக்கு ஞானம் பிறக்கும். "அதெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இப்போதைக்கு அடிக்கடி போகாத மாதிரி ஏதாவது பண்ணிக் குடு."

பையிலிருந்து ஒரு துண்டு ஒயர் வெளியே வரும். பல்லால் கடித்து மேல்தோலை உரிப்பார். உள்ளே இருக்கும் செம்பு இழைகளில் நாலை மட்டும் உருவி, முறுக்கி, கிட்கேட்டில் சுற்றி, ஸ்க்ரூவை இறுக்கி, உள்ளே வைத்து அழுத்துவார். "இனிமே போகாது சார்."

போகாதுதான். 15 ஆம்பியருக்கான ஃபியூஸ் கம்பி அரை மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அவர் முறுக்கிப் போட்ட நாலு இழையும் உருக வேண்டுமானால் ஐம்பது ஆம்பியர் பக்கம் ஓட வேண்டும். சுவருக்குள் போகும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் தாங்குவதோ இருபது ஆம்பியர் பக்கம். ஆக, இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் என்ன அநியாயம் நடந்தாலும் ஃபியூஸ் வாயைத் திறக்காது. மாடிப்படிக்கு அடியில் ஒரு பீங்கான் கட்டைக்குள் எரிந்து முடிய வேண்டிய விஷயம், படுக்கையறைச் சுவருக்கு மாற்றலாகிப் போய்விட்டது. இதற்குக் கூலி சில நூறு ரூபாய். டீ தனி.

"கிட்கேட் எல்லாம் பழைய கதை. எங்க ஃபிளாட்டில் எம்சிபி" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எம்சிபிக்குள் இரண்டு காவல் உண்டு. லோடு கூடினால் சூட்டில் மெல்ல வளைந்து சுவிட்சைத் தட்டிவிடும் தகடு ஒன்று. ஷார்ட் ஆனால் கண்ணிமைப்பதற்குள் இழுத்துவிடும் காயில் ஒன்று. அருமையான கருவி. காலையில் கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரே லைனில் ஓடும்போது அது ட்ரிப் ஆகிறது. "இந்த லைனுக்கு இது தாங்காது" என்று அதற்குத் தெரிந்த ஒரே பாஷையில் சொல்கிறது. நாம் என்ன செய்கிறோம்? 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியரை மாட்டுகிறோம். ஒயர் அதே ஒயர்தான். கெடுபிடி செய்த அதிகாரி போய், தாராள மனசுக்காரர் வந்துவிட்டார். "இப்பல்லாம் ட்ரிப்பே ஆகறதில்ல, தெரியுமா?" என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு.

ஒயரில் பிறக்கும் சூடு, கரண்ட்டின் இருமடிக்கு ஏற்பக் கூடும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. ஜூல் வெப்ப விதி. நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் உருப்போட்டு எழுதி மார்க் வாங்குகிற சமாச்சாரம். தெருவுக்குப் பத்து இன்ஜினியர்கள் குடியிருக்கிற மாநிலம் இது. அந்தப் பத்துப் பேர் வீட்டு பிளக் பாயிண்ட்டும் பழுப்பேறித்தான் கிடக்கிறது. சாதாரண பிவிசி ஒயரின் உறை 70 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. அதைத் தாண்டித் தாண்டிச் சுட்டால் உறை விறைத்து, வெடித்து, உதிரும். எல்லாம் சுவருக்குள், பைப்புக்குள், யார் கண்ணிலும் படாமல் நடக்கும். வெளியே தெரிவது லேசான ஒரு பிளாஸ்டிக் வாடை. அதற்கும் ஊதுபத்தி ஏற்றிவிடுகிறோம்.

அந்த ஒயரைப் போட்ட காலத்தில் வீட்டில் இருந்தது என்ன? 40 வாட் டியூப்லைட் இரண்டு, சீலிங் ஃபேன் இரண்டு, ஒரு டிவி, காலையில் சட்னிக்கு ஐந்து நிமிஷம் ஓடும் மிக்சி. இன்று அதே சுவர்களுக்குள் 1,500 வாட் ஏசி, 2,000 வாட் கீசர், 2,000 வாட் இண்டக்‌ஷன், வாஷிங் மெஷின், பிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. சாதனை என்று சொல்லிக்கொண்டோம். அந்த மெகாவாட்டில் ஒரு பங்கு கடைசியில் வந்து சேர்ந்த இடம் மாடிப்படிக்கு அடியிலிருக்கும் அந்த மரப்பலகைதான் என்பதை யாரும் சொல்லவில்லை.

ஓனருக்குப் பணமில்லையா? ஒரு சர்வீஸ் வாங்கி, அதிலிருந்து ஆளுக்கொரு சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று குடித்தனக்காரர்களிடம் கறக்கும் வீடுகள் எத்தனை! வீட்டு இணைப்புக்கு அரசு தரும் நூறு யூனிட் இலவசம் ஓனரின் பாக்கெட்டில்; அந்தக் கரண்ட் ஓடும் ஒயரின் சூடு குடித்தனக்காரரின் தலைமாட்டில். கரண்ட்டை விற்று லாபம் பார்ப்பவர், அந்தச் சரக்கு வரும் வழியைப் பழுது பார்க்கமாட்டார். லோடை ஏற்றச் சொல்லி விண்ணப்பம் போட மாட்டார். வாடகை ஒப்பந்தத்தைப் பிரித்துப் பாருங்கள். ஆணி அடிக்கக் கூடாது, காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும், மாடியில் வடாம் காயப்போடக் கூடாது. எல்லாம் இருக்கும். ஒயரிங் எந்த வருஷத்தது, எர்த் இருக்கிறதா என்ற ஒரு வரி இருக்காது. சுவரில் ஆணி அடித்தால் ஓனருக்கு வலிக்கும். சுவர் ஆளை அடித்தால் வலிக்காது.

குடியிருப்பவர்களும் சளைத்தவர்கள் இல்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையாகட்டும், ஐடி பையன்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்த ஃபிளாட்டாகட்டும், உள்ளே ஒரே ஒரு பாயிண்ட். அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் வாலில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். 6 ஆம்பியர் பாயிண்ட்டை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். அதற்குமேல் ஒரு வாட் கேட்கவும் உரிமையில்லை. ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே முழு வேகத்தில் 8.7 ஆம்பியர் குடிக்கும். பக்கத்தில் முட்டை வேகும் கெட்டில், அதற்குப் பக்கத்தில் சட்டைக்கு அயர்ன் பாக்ஸ். பாக்ஸின் முதுகில் '16 ஆம்பியர்' என்று அச்சடித்திருக்கும். அச்சடிப்பதற்கு என்ன, பேப்பர் தகடும் தலைமுடி ஒயரும் வைத்துவிட்டு அறுபது ஆம்பியர் என்றுகூட அச்சடிக்கலாம். கடைக்காரர் முதலிலேயே மரியாதையாகக் கேட்கிறார்: "கம்பெனியா, லோக்கலா?" ஐம்பதாயிரம் ரூபாய் போனுக்கு எண்ணூறு ரூபாயில் கண்ணாடி ஒட்டும் தம்பி கொஞ்சமும் யோசிக்காமல் சொல்கிறான்: "லோக்கலே குடுங்கண்ணா."

பிளக் உடைந்துவிட்டால்? முப்பது ரூபாய் கொடுத்துப் புதுசு வாங்குவது குலப்பெருமைக்கு இழுக்கு. ஒயரின் இரண்டு முனையையும் உரித்து, நேராகப் பாயிண்ட்டின் துளைக்குள் விட்டு, ஆடாமல் இருக்க ஆளுக்கொரு தீக்குச்சியைச் சொருகுகிறோம். ஆம், தீக்குச்சி. லூஸ் கனெக்‌ஷனில் பொறி பறக்கும் இடத்தில், பற்றுவதற்கு வசதியாக மருந்துள்ள முனையை வெளியே நீட்டி வைக்கிற இனம் பூமியில் வேறெங்காவது இருந்தால் சொல்லுங்கள். மூன்று பின் பிளக் பொருந்தவில்லையென்றால் எர்த் பின்னை வெட்டிவிடுகிறோம். மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடியாகவும் செய்தானே ஒருத்தன், முதலில் உள்ளே போய்க் கடைசியில் வெளியே வரட்டும் என்று, அவனைவிட நமக்கு அதிகம் தெரியும்.

எர்த் சமாச்சாரத்துக்கு வருவோம். புது வீட்டு ஒயரிங்கில் பச்சை ஒயர் கட்டாயம் இருக்கும். போர்டைத் திறந்தால் அழகாகத் தெரியும். அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து போனால், சில வீடுகளில் எங்கேயும் போவதில்லை. கரியும் உப்பும் கொட்டி மூடிய எர்த் குழி ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் டைல்ஸ் இருக்கும். இன்னும் சில கெட்டிக்காரர்கள் பாயிண்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். சோதிக்க வருபவரின் பல்பு எரியும், எல்லோருக்கும் திருப்தி. என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால், பிரிட்ஜின் கதவே 230 வோல்ட்டாக நிற்கும். தண்ணீர் பாட்டில் எடுக்க முதலில் ஓடி வருவது வீட்டிலேயே சின்னக் குழந்தையாக இருக்கும்.

"கிரைண்டர் லேசா ஷாக் அடிக்கும், செருப்பு போட்டுக்கோ." தமிழ்க் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் மின்பாதுகாப்புக் கல்வி இவ்வளவுதான். எண்ணூறு ரூபாய்க்கு அரிசியும் உளுந்தும் வாங்குவோம். எர்த் சரி செய்ய ஆள் கூப்பிட மாட்டோம். அந்தக் கல்வியிலும் ஒரு இடஒதுக்கீடு இருக்கிறது. வேலைக்கு வரும் அக்கா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, ஷாக் அடிக்கும் வாஷிங் மெஷினிலிருந்து துணியை அள்ளி, இரும்புக் கொடிக்கம்பியில் காயப்போட வேண்டும். அம்மா மட்டும் செருப்போடு ஹாலில் நின்று, "பாத்து பாத்து, லேசா அடிக்கும்" என்று எச்சரிப்பார். சம்பளம் இரண்டாயிரம். உயிர் இலவசம்.

அரசாங்கத்தை விட்டுவிட்டால் அதற்கே கோபம் வரும். குடிசைக்கு ஒரு விளக்கு என்று இலவச இணைப்பு கொடுத்தார்கள். நல்ல காரியம். 2006-இல் கலர் டிவி கொடுத்தார்கள். 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தார்கள். ஆட்சி மாறியது, பெட்டியில் ஒட்டிய படம் மாறியது. கூரையில் ஒரு பல்புக்காக இழுத்த ஒயர் மட்டும் மாறவில்லை. கிரைண்டர் தந்தவர்கள் அதோடு ஒரு எர்த் கம்பியும் இரண்டு முழக் குழியும் தரவில்லை. தந்திருந்தாலும் என்ன, குழிக்குள் போகிற கம்பியில் படம் ஒட்ட முடியாது. மண்ணுக்கு அடியில் இருப்பது ஓட்டாகாது என்ற கணக்கில் மட்டும் எல்லாக் கட்சிக்கும் ஒரே கொள்கை.

வசதியுள்ளவர்கள் கதை இதைவிட ரசமானது. கிரானைட்டுக்கு ராஜஸ்தான் வரை ஆள் அனுப்புவார்கள். மெயின் போர்டு எங்கே வரவேண்டும் என்று வாஸ்துக்காரரைக் கூப்பிட்டு அக்னி மூலையைக் காட்டச் சொல்வார்கள். காட்டிவிட்டு அவர் போனபின், ஒயருக்கு மட்டும் பட்ஜெட் தட்டும். மாடுலர் கிச்சனில் அரை டஜன் மெஷின்கள், எல்லாம் ஒரே சர்க்யூட்டில். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எல்இடி பட்டைகளுக்கான ஜாயிண்ட்டுகள், கையால் முறுக்கி டேப் சுற்றியவை, யாரும் இனி ஜென்மத்துக்கும் பார்க்க முடியாதபடி ஜிப்சம் போட்டு மூடியவை. ஆயுதபூஜைக்கு அந்த மெயின் போர்டுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. அக்னி மூலையில் அக்னியை இவ்வளவு பக்தியாக அழைத்தால் அவர் வராமல் என்ன செய்வார்?

ஆர்சிசிபி என்று ஒரு சாதனம் இருக்கிறது. போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமா என்று ஓயாமல் கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யார் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று எண்ணி, நொடியில் ஒரு சிறு பங்குக்குள் லைனை அறுக்கும். ஒரு ஒன்பது வாட் எல்இடி பல்பு எரியத் தேவையான கரண்ட் இதயத்தின் வழியே ஓடினாலே ஆள் போய்விடலாம். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது தூசு. அதன் கண்முன்னே ஒருவர் துடித்துக்கொண்டிருக்கும்போதும் அது ஆனில்தான் இருக்கும். அந்த உயிரைக் காப்பாற்றும் ஆர்சிசிபியின் விலை, இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின். சிலர் வாங்கியும் வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரமாகி எங்கோ கசிந்தால் அது அறுத்துக்கொண்டே இருக்கும். "ஒரே தொல்லை" என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பைபாஸ் செய்துவிடுகிறார்கள். கசிவைத் தேடுவதைவிடக் கசிவைச் சொன்னவரை மாற்றுவது சுலபம். இந்தப் பாடத்தை நாம் தலைமைச் செயலகத்திடம் கற்றோமா, தலைமைச் செயலகம் நம்மிடம் கற்றதா என்பதுதான் தெரியவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளிலேயே மின்கசிவுப் பாதுகாப்புக் கருவி பற்றிச் சொல்லியிருக்கிறது. 2023-இல் விதிகளைப் புதுப்பித்தும் விட்டார்கள். புது இணைப்புக்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். ரிப்போர்ட்டில் எல்லா வீட்டிலும் எர்த் பிரமாதமாக இருக்கிறது. மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்கு இந்தப் பக்கம் உங்கள் தலையெழுத்து. பால்காரர், கேபிள்காரர், தண்ணீர் கேன்காரர் என்று எல்லோரும் படியேறும் வீட்டில், ஒயரிங்கைப் பார்க்க மட்டும் கட்டி முடித்த நாளுக்குப் பிறகு ஒரு ஜீவன் வருவதில்லை.

வருகிற நாள் ஒன்று உண்டு. 2019 டிசம்பர் 8, டெல்லி அனாஜ் மண்டி. குடியிருப்புக்கு நடுவே ஒரு கட்டடம், உள்ளே சிறு தொழிற்கூடங்கள், வேலை முடிந்து அங்கேயே படுத்துத் தூங்கிய தொழிலாளர்கள். விடியும் முன் பற்றிய தீயில் 43 பேர் செத்தார்கள். காரணம், ஷார்ட் சர்க்யூட் என்றார்கள். பலரைக் கொன்றது நெருப்புகூட இல்லை, புகை. பிளாஸ்டிக்கும் ஒயர் உறையும் எரிந்தால் கிளம்பும் புகை, கனவில் இருப்பவரைக் கனவிலேயே முடித்துவிடும். நம்மூரில் அப்படி நடந்தால் வெளியே ஓடி வரவும் வழியிருக்காது. திருடனுக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் கிரில் அடித்து, வாசல் கேட்டைப் பூட்டி, சாவியைப் பூஜை ரூமில் வைத்திருப்போம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புத்தகத்தைத் திருப்பினால், மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் மட்டும் இந்தியாவில் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். வீடு, வயல், தெரு எல்லாம் சேர்த்து. தீயில் கருகியவர்கள் கணக்கு தனி. அத்தனைக்கும் அந்தப் புத்தகம் வைத்திருக்கும் தலைப்பு, விபத்து. நம் ஊரில் ஒருவர் இப்படிச் செத்தால் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194-இன் கீழ் வழக்குப் பதிவாகும். போஸ்ட்மார்ட்டம் முடியும். மறுநாள் பேப்பரில் 'மின்கசிவே காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது' என்று நாலு வரி. இரண்டாம் கட்ட விசாரணை எந்த நூற்றாண்டில் என்று யாரும் கேட்பதில்லை. முதல்வர் இரங்கல், சில லட்சம் நிவாரணம். ஓனர் புது பெயிண்ட் அடித்து, வாடகையை ஆயிரம் ஏற்றி, 'டு லெட்' போர்டு மாட்டுவார்.

கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 106-ஆவது பிரிவு இருக்கிறது. ஐந்து ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. தெரிந்தே ஃபியூஸுக்குப் பதில் செம்பைச் சுற்றச் சொன்னவர், தெரிந்தே எர்த் இல்லாமல் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர், தெரிந்தே பைபாஸ் செய்யச் சொன்னவர், இவர்களெல்லாம் அந்தப் பிரிவுக்கு வெளியே எப்படி நிற்கிறார்கள்? கருகிய வீட்டில் மெயின் போர்டைக் கழற்றிச் சாட்சிப்பொருளாக எடுப்பதில் போலீசுக்கு என்ன சங்கடம்? திருடுபோன சைக்கிளுக்கே மகஜர் எழுதும் துறைதானே அது?

நம்மை அறிவுரையால் திருத்த முடியாது. 2015-இல் ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதுவரை எத்தனை மண்டை உடைந்தும் வாங்காத நாம், அந்த வாரம் கடைக்குக் கடை முண்டியடித்து, கிடைத்த அளவை வாங்கித் தலையில் கவிழ்த்தோம். மண்டை போவதற்குப் பயப்படாத ஜனம் ஃபைனுக்குப் பயந்தது. ஆகவே விழிப்புணர்வு வாரம், பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம், ஓவியப் போட்டி எதுவும் வேண்டாம். ஒரே ஒரு ஓனர், கட்டடம் கட்டிய ஒரே ஒரு ஆள், கையில் விலங்கோடு நீதிமன்றப் படியேறும் படம் முதல் பக்கத்தில் வரட்டும். அன்று சாயங்காலத்துக்குள் தமிழ்நாட்டு எலக்ட்ரிகல் கடைகளில் ஆர்சிசிபி ஸ்டாக் தீர்ந்துபோகும். 'லோக்கல் குடுங்க' என்று அன்றைக்கு ஒருத்தன் கேட்க மாட்டான்.